கோல்ஃப் பட்டிங் பிடியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: ரப்பர் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கோல்ஃபில் பட்டிங், அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையான கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டுவது, சரியில்லை என்றதும் நம் ஆட்கள் முதலில் செய்வது, பட்டரில் (பந்தை உருட்டும் மட்டையில்) தடித்த கிரிப் ஒன்றை வாங்கி மாட்டுவதுதான். ஒரு வாரம் பந்து நன்றாக விழும். அப்புறம் பழைய கதை. மலேசியாவில் சுபாங்கிலோ பாங்கியிலோ பயிற்சி கிரீன் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும்: பட்டரில் ரப்பர் நிறம் நிறமாக மாறிக்கொண்டே இருக்கும், அதைப் பிடிக்கும் கை மட்டும் மாறியிருக்காது.

முதலில் பந்து எப்படித் தவறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தவறுக்கு ஏற்ற பிடியைப் பழக வேண்டும். ரப்பரை அதற்குப் பிறகுதான் வாங்க வேண்டும். கீழே வரும் படிகளில் பிடி என்றால் கை வைக்கும் விதம், கிரிப் என்றால் பட்டரின் கம்பியில் மாட்டியிருக்கும் ரப்பர். எல்லாமே வலக்கை ஆட்டக்காரருக்காக எழுதியது. இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் சொந்தப் பட்டர், ஒரே வகைப் பந்து மூன்று, ஒரு மீட்டர் நீள இரும்பு அடிகோல், டீ குச்சி (பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சி) இரண்டு, கைப்பேசி, அதை நிறுத்தி வைக்க ஒரு சிறிய ஸ்டாண்ட், ஒரு துண்டு. அடிகோல் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். கண்ணாடி, லேசர் என்று விற்கும் பயிற்சிச் சாதனங்கள் இப்போதைக்கு வேண்டாம்.

பந்துகள் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ரேஞ்சில் (பயிற்சி மைதானத்தில்) கொடுக்கும் பந்து ஒரு மாதிரி ஓடும், மென்மையான உறை போட்ட பந்து வேறு மாதிரி ஓடும். கலந்து அடித்தால் தவறு கையிலா பந்திலா என்று தெரியாமல் போய்விடும்.

பட்டரின் நீளத்தை இப்போதே பாருங்கள். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 33 முதல் 35 அங்குலம். வழக்கம்போல நின்றுகொண்டு, மூக்கின் மேல்பக்கத்திலிருந்து ஒரு பந்தைக் கீழே விடுங்கள். அது தரையில் இருக்கும் பந்தின் மேலோ, சற்று உள்பக்கமாகவோ விழ வேண்டும். உங்கள் காலுக்கு நெருக்கமாக விழுந்தால் நீங்கள் எட்டிப் பிடிக்கிறீர்கள், பட்டர் உங்களுக்கு நீளம் என்று சந்தேகப்படலாம். நீளம் பொருந்தாத பட்டரில் எந்தப் பிடியும் ஒழுங்காக உட்காராது. பலர் இரண்டு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்துச் சமாளிக்கிறார்கள். பிடிக்கலாம், ஆனால் பட்டர் தலையின் கனம் கையில் குறைவாகத் தெரியும்.

காலையில் பனி காய்ந்த பிறகு போங்கள். கோலாலம்பூரில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழையை நம்ப முடியாது. மழை விட்ட கிரீனில் பந்து ஊர்ந்துதான் போகும், அதில் செய்யும் சோதனைக்கு அர்த்தமில்லை.

2. பந்து எப்படித் தவறுகிறது என்று பாருங்கள்

லேசான ஏற்றத்தில், 1.5 மீட்டர் தூரத்தில் நேரான பட் (குழியை நோக்கி உருட்டும் அடி) ஒன்றைத் தேடுங்கள். இங்குள்ள கிரீன்களில் பெர்முடா, பாஸ்பாலம் வகைப் புற்கள் பரவலாக உண்டு. இவை ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும், அதைத்தான் கிரெய்ன் என்கிறோம். நின்ற இடத்திலிருந்து புல் பளபளவென்று தெரிந்தால் அது உங்களை விட்டு விலகிச் சாய்கிறது. மங்கிக் கரும்பச்சையாகத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்கிறது.

சந்தேகமாக இருந்தால் குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் கத்தியால் வெட்டியது போல் சுத்தமாக இருக்கும். எதிர்ப்பக்கம் பழுப்பேறி, பிய்ந்து, புல்வேர் நீட்டிக்கொண்டிருக்கும். புல் அந்தப் பிய்ந்த பக்கம் நோக்கி வளர்கிறது. மாலைக்குள் இது நன்றாகத் தெரியும், காலையில் புதிதாக வெட்டிய குழியில் அவ்வளவாகத் தெரியாது. உங்கள் பட் கிரெய்ன் போகும் திசையிலேயோ அதற்கு நேர் எதிராகவோ இருக்கட்டும். குறுக்கே இருந்தால் கடைசி ஓரடித் தூரத்தில் பந்து பக்கவாட்டில் நகரும், நீங்கள் அந்தப் பழியைக் கையின் மேல் போடுவீர்கள்.

இப்போது அடிகோலைத் தரையில் குழியை நோக்கி நேராக வையுங்கள். பின்முனையில் பந்தை வைத்து, பட்டர் முகத்தை (பந்தில் படும் தட்டைப் பக்கத்தை) கோலுக்குச் செங்கோணமாக வைத்து அடியுங்கள். பந்து கோலின் மறுமுனை வரை விழாமல் ஓட வேண்டும். பத்துப் பந்து அடியுங்கள். எந்தப் பக்கம் விழுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கணக்கைப் பாருங்கள்: குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். 1.5 மீட்டரில் பந்து நடுக்கோட்டிலிருந்து 2 டிகிரி விலகினாலே குழியின் விளிம்புக்குப் போய்விடும். 3 மீட்டரில் 1 டிகிரி போதும். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அடிபடும் கணத்தில் பட்டர் முகம் பார்க்கும் திசை. அந்த முகத்தைத் திருப்புவது உங்கள் மணிக்கட்டும் விரலும்.

அடுத்து கைப்பேசியை உங்கள் முன்னால் இடுப்பு உயரத்தில் வைத்து ஸ்லோமோஷனில் படம் பிடியுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றே: பந்தை அடித்த அடுத்த கணம் இடது மணிக்கட்டின் பின்புறம் தட்டையாக இருக்கிறதா, மடிந்து பட்டர் தலை கையை முந்திப் போகிறதா? கடைசியாக, 10 மீட்டர் தூரத்துக்கு மூன்று பந்து, நாலைந்து சுற்று. நின்ற இடங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பாருங்கள்.

புதியவர்கள் இந்த இடத்தில் குழியை நீதிபதியாக வைக்கிறார்கள். வலப்பக்கம் குறி வைத்து இடப்பக்கம் இழுத்தாலும் பந்து விழும். விழுந்துவிட்டதே என்று விட்டுவிட்டால் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு காலம் தள்ளும்.

இன்னொன்று. கோலின் மேல் பத்துக்கு எட்டு ஒழுங்காக ஓடி, கோலை எடுத்ததும் தவறுகிறது என்றால் உங்கள் பிரச்சினை குறி வைப்பதிலோ கிரீனைப் படிப்பதிலோ இருக்கிறது. பிடியை மாற்றாதீர்கள். இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

3. எல்லோரும் அடிப்படைப் பிடியிலிருந்து தொடங்குங்கள்

ரிவர்ஸ் ஓவர்லாப் என்பது பரவலாகப் பயன்படும் வழக்கமான பிடி. டைகர் உட்ஸ் பிடிப்பதும் இதுதான். வேறு எதற்கும் தாவும் முன் இதைச் சரியாகப் பிடித்துப் பாருங்கள். கைக்கு எட்டிய மாதிரி பிடித்துவிட்டு, ‘எனக்கு இது ஒத்துவரவில்லை’ என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

இடது கையை முதலில் வையுங்கள். கிரிப் விரல்களுக்குள் குறுக்கே ஓடாமல், உள்ளங்கையில் கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே போகும் ரேகையோடு ஓடட்டும். கட்டைவிரல் கிரிப்பின் தட்டைப் பக்கத்தின் மேல் நேராகப் படியட்டும். வலது கையை அதற்குக் கீழே, உள்ளங்கை குழியைப் பார்க்கும்படி வையுங்கள். வலது கட்டைவிரலும் அதே தட்டைப் பக்கத்தில். கடைசியாக, இடது ஆள்காட்டி விரலைத் தூக்கி வலது விரல்களின் மேல் படுக்க வையுங்கள்.

உள்ளங்கையில் பிடிக்கச் சொல்வது ஏன்? விரல்களில் பிடித்தால் மணிக்கட்டு தாராளமாக மடங்கும். தூரம் அடிக்கும் டிரைவர் மட்டைக்கு அது வேண்டும், பட்டருக்கு வேண்டாம். பந்துக்குப் பின்னால், குழிக்கு நேர்க்கோட்டில் இருந்து எடுத்த படத்தில் முன்கையும் கம்பியும் ஒரே கோட்டில் தெரிந்தால் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். மணிக்கட்டில் கோணம் உடைந்து தெரிந்தால் இன்னும் விரலில்தான் இருக்கிறது.

இந்தப் பிடியில் ஒரு வாரம் அடித்த பிறகு கோல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இதிலேயே பாதிப்பேருக்குக் காரியம் முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

4. மணிக்கட்டு மடிகிறது என்றால்: இடக்கை கீழே

படத்தில் இடது மணிக்கட்டு மடிந்து, பந்து பெரும்பாலும் இடப்பக்கம் விழுகிறது என்றால் கைகளின் இடத்தை மாற்றுங்கள். வலது கை மேலே, இடது கை கீழே. ஜிம் ஃப்யூரிக்கும் ஜோர்டன் ஸ்பீத்தும் இப்படிப் பிடிப்பவர்கள்.

வலது கையை மேலே உள்ளங்கையில் பொருத்துங்கள். இடது கையை அதன் கீழே, கையின் பின்புறம் குழியைப் பார்க்கும்படி வையுங்கள். வலது ஆள்காட்டி விரலை இடது விரல்களின் மேல் படரவிடுங்கள். இடது முன்கையும் கம்பியும் ஒரே கோடாக ஆகிவிடுவதால் மணிக்கட்டு மடிய எளிதில் இடமில்லை. இன்னொரு லாபம், வழக்கமான பிடியில் தாழ்ந்து நிற்கும் வலது தோள் மேலே வந்து இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும்.

வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இடது முழங்கை. அதை வெளியே தள்ளி இழுத்துக்கொண்டு போவார்கள். உடனே முகம் திறந்து, அதாவது வலப்பக்கம் திரும்பி, பந்து வலப்பக்கம் போகும். இடப்பக்கத் தவறு வலப்பக்கத் தவறாக மாறியதும், பிடி சரியில்லை என்று கைவிட்டுவிடுவார்கள். அப்படிச் செய்யாமல், இடது கையால் மட்டும் ஒரு மீட்டர் பட் அடித்துப் பழகுங்கள். முழங்கை விலாவை விட்டு அதிகம் விலகாமல் இருந்தால் முகமும் அடங்கும்.

நீண்ட பட்களில் முதல் சில வாரம் தூரம் சுத்தமாகத் தெரியாது. இதுவரை தூரத்தை அளந்து கொடுத்த வலது விரல்கள் மேலே போய்விட்டன அல்லவா. அந்த நாட்களில் பயிற்சி நேரத்தில் பாதியையாவது 8 மீட்டருக்கு மேற்பட்ட பட்களுக்கு ஒதுக்குங்கள். கிட்டத்துப் பட் தானாகவே சரியாகிவிடும்.

5. வலது கை துடிக்கிறது என்றால்: கிளா (நகப் பிடி)

இது வேறு வியாதி. பயிற்சியில் எல்லாம் சரியாக இருக்கும். ஸ்கோர் எண்ணத் தொடங்கியதும், ஒரு மீட்டர் பட்டில் பந்தைத் தொடும் நேரம் பார்த்து வலது கை திடுக்கென்று ஒரு வெட்டு வெட்டும். பந்து இடமும் போகும், வலமும் போகும், ஒழுங்கே இருக்காது. யிப்ஸ் என்பார்கள். வலது கைக்கு வேலையே கொடுக்காமல் இருப்பதுதான் இதற்கு வழி.

இடது கை வழக்கம்போல மேலே, முழுப் பிடியோடு. வலது உள்ளங்கை உங்கள் தொடையைப் பார்க்கட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டில் கம்பி உட்காரட்டும். மற்ற விரல்கள் ரப்பரின் முன்பக்கத்தில் லேசாகப் படிந்தால் போதும். உள்ளங்கை அணைத்துப் பிடிக்காததால் வெட்டுவதற்கு அதனிடம் பிடிமானம் இல்லை. இதிலேயே பேனாவைப் பிடிப்பது போல் நுனிவிரலில் பிடிப்பதும் உண்டு. செர்ஜியோ கார்சியா 2017 மாஸ்டர்ஸ் போட்டியை வென்றது கிளா பிடியில்தான்.

பிழை எங்கே வருகிறதென்றால், வலது முழங்கையைச் சிறகு போல விரித்துவிடுவார்கள். வலது தோள் முன்னால் வந்து, தோள்கோடு குழிக்கு இடப்பக்கம் பார்க்கும். ஸ்ட்ரோக்கும் அப்படியே இழுக்கும். பட்டரைக் கிடையாகத் தோள்களுக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கிளாவுக்கு நம் ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. தொலைக்காட்சியில் பார்க்கும் பெரிய போட்டிகளின் கிரீன், பந்து ஓடும் வேகத்தைக் காட்டும் ஸ்டிம்ப் அளவில் 12ஐத் தொடும். நாம் வார இறுதியில் ஆடும் கிரீன்கள் பெரும்பாலும் அதைவிட மெதுவானவை. கிரெய்னுக்கு எதிராக, ஈரத்தில், 12 மீட்டர் பட் அடிக்க வேண்டியிருந்தால் கிளாவில் போதிய உந்துதல் வராது, பந்து பாதியில் நிற்கும். ஆகவே கிட்டத்துக்குக் கிளா, தூரத்துக்கு வழக்கமான பிடி என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். விதியில் தடையில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லரே அப்படித்தான் ஆடியிருக்கிறார். ஆனால் எந்தத் தூரத்தில் மாறுவது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள், கிரீனில் நின்று யோசிக்காதீர்கள்.

6. மற்ற இரண்டு

உள்ளங்கைகளை எதிரெதிராக, ஒரே உயரத்தில் வைத்துக் கும்பிடுவது போலப் பிடிக்கும் முறை ஒன்று உண்டு. தோள் சமமாக நிற்காதவர்களுக்கு நல்லது. தடித்த கிரிப் இல்லாமல் இது முடியாது.

ஆர்ம்லாக் என்பது கிரிப்பை இடது முன்கையின் உள்பக்கத்தோடு ஒட்டிவைத்து அடிப்பது. மாட் கூச்சர் இதற்குப் பேர்போனவர். சாதாரணப் பட்டரில் முயலாதீர்கள். கம்பி முன்னால் சாய்வதால் லாஃப்ட் (முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்து பந்து தரையில் அழுந்தும். இதற்கென்று நீளமும் லாஃப்டும் கூடிய பட்டர் தனியாக வாங்க வேண்டும். 2016 ஜனவரி 1 முதல் பட்டரையோ, பிடிக்கும் கையையோ உடலில் ஊன்றி அடிக்கத் தடை இருக்கிறது. முன்கையில் ஒட்டுவதைக் கோல்ஃப் விதி 10.1b அனுமதிக்கிறது. அந்த முன்கையை நெஞ்சிலோ வயிற்றிலோ ஊன்றினால் தவறாகிவிடும்.

7. அழுத்தம்

பிடியைத் தேர்ந்தெடுத்த பிறகு இதைப் பழக வேண்டும், முன்னால் அல்ல. ஒவ்வொரு பிடிக்கும் அழுத்தம் விழும் இடம் வேறு. இடக்கை கீழே என்றால் இடது கையின் கடைசி மூன்று விரல்கள். கிளா என்றால் ஏறக்குறைய முழுவதும் இடது கை.

10 என்பது முழுப் பலம் என்றால் 4 அளவில் பிடியுங்கள். அதைவிட முக்கியம், தொடக்கம் முதல் முடிவு வரை அது மாறக்கூடாது. அடிக்கும் நேரத்தில் இறுகினால் முகம் திரும்பும். நம் ஊர் வியர்வையில் கை வழுக்கியதும் எல்லோரும் இறுக்கித்தான் பிடிக்கிறார்கள். அதற்குத்தான் துண்டு. ஒவ்வொரு பட்டுக்கும் முன் கையையும் கிரிப்பையும் துடையுங்கள்.

8. இப்போது ரப்பர்

பிடி முடிவானதும் கிரிப் தேர்வு சுலபமாகிவிடும். வழக்கமான பிடிக்கு, மேலே வளைந்து கீழே ஒடுங்கும் பிஸ்டல் வடிவம் உள்ளங்கையில் நன்றாக உட்காரும். இடக்கை கீழே என்றால் கீழ்ப்பக்கம் ஒடுங்காத, நடுத்தரத் தடிமன் உள்ளதைப் பாருங்கள். கீழே இருக்கும் இடது கைக்குப் போதிய சதை கிடைக்கும். கிளாவுக்கு முன்பக்கம் தட்டையாக, அதிகம் தடிக்காமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் கவட்டில் அடங்காது. கும்பிடும் பிடிக்குத்தான் மிகத் தடித்தது.

தடித்த கிரிப் மணிக்கட்டை அடக்கும் என்பது உண்மை. அதோடு விரலின் உணர்வையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். உங்கள் பிரச்சினை தூரம் என்றால், அதாவது 10 மீட்டர் சோதனையில் பந்துகள் சிதறியிருந்தால், தடித்ததை வாங்காதீர்கள்.

எடையையும் கேளுங்கள். கிரிப்பின் எடை 4, 5 கிராம் கூடினால் ஸ்விங்வெயிட் (ஆட்டும்போது பட்டர் தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு) ஒரு புள்ளி குறையும் என்பது கடைக்காரர்களின் கணக்கு. பழையதைவிட 40 கிராம் கனமான ரப்பரை மாட்டினால் பட்டர் தலை இலேசாகத் தெரியும். மெதுவான கிரீனில் ஆடும் நமக்கு அது பந்தைக் குறைவாக ஓடவிடும் வழி. பழைய கிரிப்பின் எடைக்குப் பக்கத்தில் இருப்பதே பாதுகாப்பு.

பொருளைப் பொறுத்தவரை தோல் கிரிப் இந்த ஈரத்தில் சீக்கிரம் வீணாகும். பாலியூரித்தேன் கைக்கு இதமானது, ஈரமானால் சிலவற்றில் வழுக்கும். கடையில் விரலை ஈரமாக்கித் தடவிப் பார்த்து வாங்குங்கள். போட்டி ஆடுபவர்கள் விதியையும் பார்க்க வேண்டும்: குறுக்களவு எங்கும் 44.45 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, விரல் பதியக் குழிவு வைத்த கிரிப் கூடாது.

9. மாட்டும்போது

கடையில் கொடுத்து மாட்டுவது நல்லது. ஆனால் வாங்கும்போது நீங்களே ஒன்றைச் சரிபாருங்கள். கிரிப்பின் தட்டைப் பக்கத்துக்குக் குறுக்கே அடிகோலை வைத்தால் அது பட்டர் முகத்துக்குச் செங்கோணத்தில் நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் உங்கள் கட்டைவிரல்கள் அந்தத் தட்டையைத்தான் நம்பும், முகம் ஒவ்வொரு முறையும் திறந்தோ மூடியோ நிற்கும். ரப்பரை மாட்டப் பூசும் கரைப்பான் காயும் முன் என்றால் திருகிச் சரிசெய்யலாம். காய்ந்துவிட்டால் கழற்றித்தான் மாட்ட வேண்டும். ஓர் இரவு காயவிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

10. ஆட்டத்தில் சோதிப்பது

முதல் இரண்டு வாரம் பயிற்சி கிரீனில் மட்டும். பட்டர் தலையைவிடச் சற்றே அகலமாக இரண்டு டீ குச்சிகளை நட்டு, அதன் நடுவே 1.5 மீட்டர் பட் அடியுங்கள். பிறகு காக்கிகளோடு, அதாவது கூட ஆடும் நண்பர்களோடு, ஒரு நட்பு ஆட்டம். பந்தயம் வைத்த ஆட்டத்தில் புதுப் பிடியை அறிமுகப்படுத்தாதீர்கள். முதல் மூன்று பட் தவறியதும் கை பழைய இடத்துக்கே ஓடிவிடும்.

சுற்றின் நடுவே பிடியை மாற்றலாம். கிரிப்பை மாற்றக் கூடாது, விதி 4.1a அதைத் தடுக்கிறது.

மாதம் ஒரு முறை கோல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அன்றே கிரிப்பை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள், வியர்வையும் சன்ஸ்கிரீனும் சேர்ந்து ஒரு படலம் கட்டியிருக்கும். கழுவிய பிறகும் பளபளத்து வழுக்கினால் ரப்பர் செத்துவிட்டது. அதே மாடல், அதே அளவு, அதே எடையில் இன்னொன்று வாங்குங்கள்.